புதன்கிழமை இரவு 11:59: பத்து வருடம் கழித்து என்பிடெல்லில் படித்த கதை

போன வாரம் கல்லூரித் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். அவளுக்கு வேலையை விட்டு 9 வருடம் ஆகிறது, எனக்கு, திரும்ப வேலைக்குச் சேர்ந்தபோது, 11 வருடம் ஆகியிருந்தது. "என்பிடெல்ல படிச்சியாமே, பிரயோஜனம் உண்டாடி? சர்டிபிகேட் காட்டினா வேலை தர்றாங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். ஐஐடிகள் இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடங்கள்தான் என்பிடெல். முதல் கேள்விக்கு உண்டு, இரண்டாவதற்கு இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குப் படிச்ச?" என்றாள். அதற்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பின்னால் மிக்ஸி வேறு ஓடிக்கொண்டிருந்தது. எழுதிவிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பீடு யாருக்குப் பொருந்தும் என்று தெரியாது. 2006இல் ட்ரிபிள் ஈ முடித்தேன். கோவையில் ஒரு நிறுவனத்தில் 7 வருடம் வீட்டு இன்வெர்ட்டர், யுபிஎஸ் டிசைன் செய்தேன். அந்தக் காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2012இல் சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. பவுண்டரிகளும் விசைத்தறிகளும் படுத்துக் கிடந்தன. எங்கள் கம்பெனியில் மட்டும் ஓவர்டைம். ஊரே இருட்டில் இருந்த வருடத்தில் எனக்கு நல்ல இன்கிரிமென்ட் வந்தது. அதை வெளியே சொல்லக்கூடக் கூச்சமாக இருந்தது.

2013 மே மாதம், மகள் பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போது நின்றேன். ஒரு வருடம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அவள் நடக்க ஆரம்பித்தபோது மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. 2021இல் அவர் போய்ச் சேரும்வரை வேறு எதைப் பற்றியும் நினைக்க நேரமில்லை. அதற்குப் பிறகு நேரம் இருந்தது, தைரியம் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு வருடத்துக்குத்தான் நான் யாரையும் காரணம் காட்ட முடியாது.

திரும்ப வந்தது ஒரு ஃபேனால். 2023 பிப்ரவரியில் ஹாலில் இருந்த பிஎல்டிசி ஃபேன், அதாவது கரன்ட் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்தது, நின்றுவிட்டது. பார்க்க வந்த பையன், "போர்டு போயிருச்சுங்க்கா, போர்டே மாத்தோணும்" என்று 900 ரூபாய் சொல்லிவிட்டு, கழற்றிய ஃபேனை டைனிங் டேபிள் மேல் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வருகிறேன் என்றவன் மூன்று நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். உள்ளே வட்டமாக ஒரு சின்ன போர்டு. ஒரு ஓரத்தில் ரெக்டிஃபயர், பக்கத்தில் உப்பிப்போன கெப்பாசிட்டர், நடுவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதைச் சுற்றி மூன்று ஜோடி ஸ்விட்ச். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏசியை டிசி ஆக்கி, மறுபடி அதை நறுக்கி மூன்று ஃபேஸாக மோட்டாருக்குக் கொடுக்கிறது. இன்வெர்ட்டர்! நான் இரண்டு பேர் தூக்கும் எடையில் டிரான்ஸ்ஃபார்மரோடு விட்டுவிட்டு வந்த அதே இன்வெர்ட்டர், உள்ளங்கை அகலத்தில் சுருங்கி என் தலைக்கு மேலே மூன்று வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 28 வாட்டில் ஓடுகிறது. ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம் என்று அந்த ஜனவரியில்தான் வந்திருந்தது. நான் அதைக் கடைக்காரர் விலை ஏற்றச் சொல்லும் சாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெப்பாசிட்டரை மாற்றியதும் ஃபேன் ஓடியது. 40 ரூபாய். ஆனால் அந்த மைக்ரோகன்ட்ரோலர் மோட்டாரில் சென்சாரே இல்லாமல் சுற்றும் பாகமான ரோட்டர் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு காலத்தில் தெரிந்த மாதிரி ஒரு ஞாபகம். அது தெரியாமல் இருப்பதைவிடத் தொந்தரவு.

எங்கே போய்ப் படிப்பது என்று தேட ஆரம்பித்தேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பெண் விஞ்ஞானிகளுக்கான திட்டம் 2002-03இலிருந்தே இருக்கிறது. இடைவெளி விட்ட பெண்களுக்கென்றே கொண்டுவந்தது, இப்போது வைஸ்-கிரண் என்ற பெயரில் நடக்கிறது. அது ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு, இல்லாவிட்டால் காப்புரிமை வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நல்ல வழி. உயிரித் தொழில்நுட்பத்தில் இருந்தவர்களுக்கு பயோகேர் என்று தனியாக ஒன்று உண்டு. எனக்கு ஆராய்ச்சி வேண்டாம், பட்டறைச் சத்தம் வேண்டும். இடைவெளி விட்டவர்களைத் திரும்ப எடுக்கும் பெரிய கம்பெனிகளின் 'ரிட்டர்ன்ஷிப்' விளம்பரங்கள் நான் பார்த்தவரை பெரும்பாலும் சாஃப்ட்வேர், பெரும்பாலும் பெங்களூர். பத்து வயதுப் பிள்ளையையும் அத்தையையும் வைத்துக்கொண்டு பெங்களூரா? அப்புறம் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம், பெயர் வேண்டாம். 6 மாதம், 65,000 ரூபாய், 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்றார்கள். என்ன சொல்லித் தருவீர்கள் என்று பாடத்திட்டம் கேட்டேன். அந்தப் பெண் எனக்கு இ.எம்.ஐ. அட்டவணை அனுப்பினாள்.

கடைசியில் நின்றது என்பிடெல். தெரியாதவர்களுக்கு: ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. அப்போது வெறும் வீடியோக்கள்தான். அந்த ஆரம்ப வருடங்களில் கல்லூரி லேபில் யாரோ ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து போடுவார்கள், கரும்பலகை, சாக்பீஸ், ஒரு மணி நேரம், கண் சொருகும். இப்போது நிலைமை வேறு. ஜனவரியிலும் ஜூலையிலும் புதிதாகப் பாடங்கள் திறக்கிறார்கள். 4, 8, 12 வாரம் என்று மூன்று அளவு. சேர்வதற்குக் காசு கிடையாது. வாராவாரம் வீடியோ வரும், அசைன்மென்ட் வரும், கடைசியில் விருப்பம் இருந்தால் 1,000 ரூபாய் கட்டி நேரில் போய்ப் பரீட்சை எழுதலாம். அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75.

2023 ஜூலையில் பவர் எலக்ட்ரானிக்ஸ் 12 வாரப் பாடத்தில் சேர்ந்தேன். எங்கள் அத்தை, "என்ன கண்ணு, மறுக்கா பரீட்சையா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "ஃபெயிலானா வீட்டுக்குக் கடுதாசி வருமா?" என்றார். வராது என்றேன். "அப்பச் சரி."

முதல் அசைன்மென்ட்டில் 10க்கு 4.

ஒரு கேள்வியை மட்டும் சொல்கிறேன், மறக்கவே முடியாது. பக் கன்வெர்ட்டர் (டிசி வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்), உள்ளே 24 வோல்ட், டியூட்டி (ஒரு சுற்றில் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு) 0.5, வெளியே எவ்வளவு? 7 வருடம் இதைத்தான் செய்தேன், கண்ணை மூடிக்கொண்டு 12 என்று போட்டேன். தப்பு. லோடு எவ்வளவு என்று கேள்வியின் இரண்டாம் வரியில் இருந்தது. அந்த லோடில் இண்டக்டர் என்ற கம்பிச்சுருளின் கரன்ட் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றால் வெளியே 12க்கு மேல் போகும். விடை வெளியானதும் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றில் இண்டக்டர் மேல் ஏறும் வோல்ட்-செகண்டும் (வோல்ட்டை நேரத்தால் பெருக்கியது) இறங்கும் வோல்ட்-செகண்டும் சமமாக இருக்க வேண்டும், வீட்டுத் தொட்டியில் ஒரு நாளைக்கு ஏறும் தண்ணீரும் இறங்கும் தண்ணீரும் மாதிரி. மூன்றாவது முறை கணக்கு சரியாக வந்தது. ராத்திரி ஒன்றரை மணி. சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும்தான். வேலையில் இருந்தபோது இதைக் கையால் செய்துகொண்டிருந்தேனே தவிர, ஏன் என்று கேட்டதே இல்லை. டேட்டாஷீட்டில் இருக்கும் சர்க்யூட்டைப் போட்டால் ஓடும், நானும் போட்டேன்.

பாடத்தின் தரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எடுக்கிற பேராசிரியரைப் பொறுத்தது. முதல் வார வீடியோக்களில் இரண்டை யூடியூபில் பார்த்துவிட்டு, குரலும் எழுத்தும் நமக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. ஒரு வாரத்துக்கு அரை மணி வீடியோ ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எல்லாவற்றையும் 1.25 வேகத்தில் பார்த்தேன். மகளின் ஸ்கேட்டிங் வகுப்புக்கு வெளியே ஸ்கூட்டி மேல் உட்கார்ந்து 45 நிமிடத்தில் கிட்டத்தட்ட இரண்டு வீடியோ தேறும். பக்கத்து வண்டியில் இருந்த அம்மா சீரியல் பார்க்கிறேன் என்று நினைத்து, "எந்த எபிசோடுங்க?" என்று கேட்டார். சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. நான் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்ததால் அதைப் பயன்படுத்தவில்லை. தமிழ் வழியில் டிப்ளமோ முடித்தவர்கள் பார்க்கலாம்.

எதிர்பாராமல் கிடைத்த நல்ல விஷயம் ஒன்று உண்டு. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கும் பிஎச்.டி. மாணவர்கள் சில பாடங்களுக்கு வாரம் ஒரு முறை நேரலையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். என் பாடத்துக்கு வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மைக்கைப் போடவே மூன்று வாரம் தயங்கினேன். நான்காவது வாரம் அந்தப் பூஜ்யத்தில் நிற்கும் கரன்ட்டைப் பற்றிக் கேட்டேன். "நல்ல கேள்வி மேடம், நீங்க இண்டஸ்ட்ரியா?" என்றான். இருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். என்பிடெல்லில் எனக்கு மிகவும் பிடித்தது பாடம் அல்ல. அசைன்மென்ட்டுக்குக் கெடு வைத்திருக்கிறார்களே, புதன்கிழமை இரவு 11:59, அதுதான்.

வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வேலைக்குக் குறைவில்லை, கெடுவுக்கும் குறைவில்லை. பள்ளி வேன் 7:40, மாத்திரை 8 மணி, கேஸ் புக் பண்ண வேண்டும், இ.பி. பில் கடைசித் தேதி. இத்தனையும் அடுத்தவர்களுக்கானவை. என் பெயர் போட்டு, என் வேலைக்காக மட்டும் ஒரு தேதி வைத்து, அதைத் தாண்டினால் கதவைச் சாத்திவிடும் ஏற்பாடு பத்து வருடத்தில் எனக்கு இருந்ததில்லை. 'நேரம் கிடைக்கும்போது படி' என்று வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். நேரம் கிடைக்கும்போது என்றால் கடைசியில் என்று அர்த்தம். "இன்னைக்குப் புதன்கிழமை" என்று சொல்ல ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. இரண்டு மாதத்தில் வீட்டில் அது ஒரு விரத நாள் மாதிரி ஆகிவிட்டது. புதன் இரவு கடையில் பரோட்டா. என் வீட்டுக்காரர் போய் வாங்கி வருவார், சால்னாவைப் பிரித்து ஊற்றுவது மகளின் வேலை. ஒன்பதரைக்கு மேல் யாரும் என் பக்கம் வரமாட்டார்கள். அத்தை டிவி சத்தத்தைக் குறைப்பார், ஆனால் அணைக்கமாட்டார். அது நியாயம்தான்.

ஆறாவது வாரம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். புதன் மாலை வரவேற்பு. மண்டபத்தில் மணமகள் அறைக்குப் பின்னால், பூக்கூடைகளுக்கு நடுவே போனில் எட்டு கேள்வி முடித்தேன். அதற்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து சமர்ப்பிக்கப் போனபோது மணி 12:03. மூடியிருந்தது. யாரிடம் கெஞ்சுவது? என் தப்பு, செவ்வாயே முடித்திருக்கலாம். நல்ல வேளை, 12 அசைன்மென்ட்டில் சிறந்த 8 மட்டும்தான் கணக்கில் சேரும். அந்த எட்டு என்ற எண்ணைத் தீர்மானித்தவர் வீட்டில் கட்டாயம் ஒரு பெரிய சொந்தபந்தம் இருந்திருக்கும்.

பரீட்சை ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி அறையில். மூன்று மணி நேரம், திரையிலேயே கேள்வி, திரையிலேயே கால்குலேட்டர். என்னைச் சுற்றி எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள், கிரெடிட்டுக்காக எழுதுகிறவர்கள். வாசலில் ஒரு பெண் என்னிடம் வந்து, "மேம், ஹால் டிக்கெட் கலர் பிரிண்ட்தான் வேணுமா?" என்று கேட்டாள். என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்துவிட்டாள். நானும் அதே சந்தேகத்தில்தான் இரண்டு பிரதி எடுத்து வந்திருந்தேன், ஒன்று கலர், ஒன்று கறுப்பு வெள்ளை.

பரீட்சையில் 75க்கு 44, அசைன்மென்ட் 25க்கு 21. மொத்தம் 65. அறுபதைத் தொட்டால் 'எலீட்' என்று போடுவார்கள், 75ஐத் தொட்டால் வெள்ளி, 90ஐத் தொட்டால் தங்கம். மகள் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க என்னை 90 எடுக்கச் சொன்னீங்க" என்றாள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. சான்றிதழில் இரண்டு மார்க்கும் தனித்தனியாகத் தெரியும் என்பதைச் சேர்வதற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள். அசைன்மென்ட்டை யாரிடமாவது கேட்டு 25 வாங்கிவிட்டுப் பரீட்சையில் 30 எடுத்தால் அது பல்லிளிக்கும்.

இனி பிரயோஜனம் இல்லாத பகுதி. அந்தச் சான்றிதழை இணைத்து 14 இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். சான்றிதழைப் பார்த்துவிட்டு யாரும் கூப்பிடவில்லை. பாதி இடங்களில் படிவமே உள்ளே விடாது. 'தற்போதைய நிறுவனம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாகிவிடும். ஒரு நாள் எரிச்சலில் 'வீடு' என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. அடுத்த கட்டம், 'நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?' ஒரு நிறுவனத்திலிருந்து எச்.ஆர். பெண் கூப்பிட்டு அந்த 11 வருடத்தில் 'தொழில் சார்ந்து' என்ன செய்தீர்கள் என்றாள். மாமனாருக்கு மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்க எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று 6 வருடம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சொல்லவில்லை.

என்பிடெல் சொல்லித் தராதது இன்னொன்று: கை. அசைன்மென்ட் எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடு, எண்ணை நிரப்பு என்ற வகை. தியரிப் பாடத்தில் அப்படித்தான் செய்ய முடியும், லட்சக்கணக்கில் படிக்கும் இடத்தில் யார் யார் வீட்டுக்கு ஆசிலோஸ்கோப் அனுப்புவார்கள்? ஆனால் என் துறையில் புகை வராமல் பாடம் முடியாது. 2024 ஜனவரியில் மோட்டார் டிரைவ்ஸ் பற்றிய இரண்டாவது பாடத்தில் சேர்ந்தபோது, கூடவே காந்திபுரம் பக்கம் போய் உதிரிபாகம் வாங்கினேன். 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், எஸ்டிஎம்32 'ப்ளூ பில்' மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, ஸ்விட்ச் வேலை செய்யும் ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் ஆறு, அவற்றை இயக்கும் ஐஆர்2110 கேட் டிரைவர் சிப் மூன்று. கடைக்காரர் ஆறு போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். அவர் ஒரு மாதிரி சிரித்தார்.

ஃபேனைச் சுற்ற வைக்கும் சர்க்யூட்டை நானே செய்ய வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு ஃபேஸுக்கும் மேலே ஒரு மாஸ்ஃபெட், கீழே ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் சப்ளை நேரே கிரவுண்டுக்குப் போய் ஷார்ட் ஆகிவிடும், இதற்குப் பெயர் ஷூட் த்ரூ. அதனால் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடுவதற்கு முன் ஒரு மைக்ரோ செகண்ட் அளவுக்குச் சும்மா விட வேண்டும். டெட் டைம் என்பார்கள். சில டிரைவர் சிப்களுக்குள்ளேயே அது இருக்கும். ஐஆர்2110இல் கிடையாது, புரோகிராமில் நாம்தான் டைமருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு இது தெரியும். அந்த வாரம்தான் அசைன்மென்ட்டில் டெட் டைம் கேள்விக்குச் சரியாகப் பதில் போட்டிருந்தேன். போர்டில் டெட் டைமைக் குறிக்கும் ரெஜிஸ்டரை எழுத மறந்துவிட்டேன்.

சத்தம் பெரிதாக இல்லை, பொரிகடலை வெடிப்பது போல ஒரு 'டப்'. இரண்டு மாஸ்ஃபெட்டின் மேல் கறுப்பில் விரிசல். பத்து வருடத்துக்கு மேல் மறந்திருந்த அந்த வாசனை ஹால் முழுக்கப் பரவியது. எரிந்த எபாக்ஸியின் இனிப்பு கலந்த நாற்றம். அத்தை பூஜை அறையிலிருந்து ஓடி வந்து, "என்ன கண்ணு தீயுது?" என்றார். "ஒண்ணுமில்லைங்க அத்தை, வேலை செய்யறேன்" என்றேன். அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் ஐந்து போனது. கடைக்காரர் இரண்டாம் முறை என்னைப் பார்த்ததும் கேட்காமலேயே பத்து எடுத்து வைத்தார். மார்ச் கடைசியில் மோட்டார் சுற்றியது, முதலில் பின்பக்கமாக.

இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன்: என்ன செய்தேன், எது எரிந்தது, ஏன். என்பிடெல் கேட்காத அசைன்மென்ட் இது. வெளியிலிருந்து கெடு இல்லாததால் இதற்கும் நானே புதன்கிழமை என்று வைத்துக்கொண்டேன். அந்த வழக்கம் வராமல் இருந்திருந்தால் இரண்டாவது மாஸ்ஃபெட்டோடு எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றியிருப்பேன்.

வேலை கோவையில் கணபதி பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் கிடைத்தது. கிரைண்டர் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் கன்ட்ரோலர் செய்கிறார்கள். உதிரிபாகக் கடைக்காரர்தான் சொல்லிவிட்டார், அங்கே ஆள் தேடுகிறார்கள் என்று. நேர்காணல் செய்தது முதலாளியே. என் பயோடேட்டாவை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, டிராயரைத் திறந்து ஒரு எரிந்த போர்டை எடுத்து வைத்தார். "இது எதனால போச்சுன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

ஆறு மாஸ்ஃபெட்டில் ஒரே லெக்கில், அதாவது ஒரே ஃபேஸுக்கான ஜோடியில், இருந்த மேலும் கீழும் மட்டும் வெடித்திருந்தன. மற்ற நான்கும் பார்வைக்கு நன்றாக இருந்தன. அந்த லெக்கின் கேட் ரெசிஸ்டர் கருகியிருந்தது.

"ஷூட் த்ரூ மாதிரி தெரியுதுங்க. இந்த லெக்கோட டெட் டைமை முதல்ல பார்க்கணும்."

"ஏன், லைன்ல சர்ஜ் வந்து போயிருக்கக் கூடாதா?"

"அப்படின்னா சர்ஜைத் தடுக்க முன்னாடி இருக்கிற வேரிஸ்டர் முதல்ல போயிருக்குங்க. அது நல்லாத்தானே இருக்கு."

அவர் போர்டைத் திருப்பிப் பார்த்தார். நீங்கள் எத்தனை எரித்திருக்கிறீர்கள் என்றார். ஏழு என்றேன். நோட்டைக் கேட்டார், இருபது நிமிடம் புரட்டினார். அப்புறம், "கிட் தெரியுமா?" என்றார், புரோகிராமில் செய்யும் மாற்றங்களை வரிசையாகச் சேமித்து வைக்கும் மென்பொருள். தெரியாது. எங்கள் காலத்தில் புரோகிராமை ஜிப் செய்து 'பைனல்', 'புது பைனல்', 'கடைசி பைனல்' என்று பெயர் வைப்போம், அதைச் சொன்னேன். "இங்க ரெண்டு பேர் இன்னும் அப்படித்தான் பண்றாங்க, நீங்க கத்துக்கிட்டு அவங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். சான்றிதழ்கள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. அவர் அதுவரை போகவே இல்லை.

2024 ஆகஸ்டில் சேர்ந்தேன். சம்பளம், 2013இல் வாங்கியதைவிட 4,000 ரூபாய் அதிகம். பதினோரு வருட விலைவாசிக்கு 4,000. என்னோடு அன்று வேலை பார்த்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் தோழிக்குப் பொய் சொன்னதாக ஆகும்.

ஆகவே, அவளுக்கு என் மதிப்பீடு: பாடத்துக்கு 5க்கு 4, சரியான பேராசிரியரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். சான்றிதழுக்கு 2, இடைவெளி விட்ட நம்மைப் போன்றவர்களுக்கு. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கிரெடிட் கிடைக்கும், அவர்கள் கணக்கு வேறு. புதன்கிழமைக்கு 5. பணம் இல்லாவிட்டால் பரீட்சையை விட்டுவிட்டு அசைன்மென்ட் மட்டும் செய்தாலும் முக்கால்வாசி பலன் கிடைக்கும். ஆனால் முதல் தடவை பரீட்சைக்குக் கட்டிவிடு, 1,000 ரூபாய் கட்டியிருக்கிறோம் என்ற வயிற்றெரிச்சலே பத்தாவது வாரத்தைத் தாண்ட வைக்கும். முதல் தடவை ஒரே ஒரு பாடம்தான். ஆர்வத்தில் மூன்றில் சேர்ந்துவிடாதே, மூன்றும் ஒரே புதன்கிழமையில் வந்து நிற்கும். இன்னொரு 3,000 ரூபாயைக் கையால் செய்யும் வேலைக்கு ஒதுக்கிவை. உன் துறை சிவில், நீ என்னத்தை எரிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதற்கும் ஏதாவது இருக்கும்.

இந்த ஜூலையில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் எடுத்திருக்கிறேன். பரோட்டாக் கடைக்காரர் இடம் மாறிவிட்டார், அதனால் புதன்கிழமைகளில் இப்போது வீட்டுக்காரரே தோசை சுடுகிறார், முதல் இரண்டு கிழிந்துதான் வரும். இந்த வார அசைன்மென்ட்டில் இன்னும் மூன்று கேள்வி பாக்கி இருக்கிறது. இன்று செவ்வாய்.